க்யூவுக்கு யூ தேவையில்லை: ஸ்க்ராபிள் கேள்வி பதில்

இன்ன எழுத்து இருக்கிற, இன்ன எழுத்து இல்லாத ஆங்கிலச் சொற்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில். இலக்கணச் சந்தேகங்களை ஆங்கில ஆசிரியர் யாரிடமாவது கேளுங்கள், எனக்கு எழுத்துக் கட்டைகளை (டைல்) பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிள் விளையாட்டுதான் தெரியும்.

கேள்வி: கையில் க்யூ வந்துவிட்டது, யூ வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

பதில்: காத்திருக்காதீர்கள். நூறு டைலில் யூ நாலே நாலுதான், அதில் இரண்டு எதிராளியிடம் இருக்கலாம். ஆட்டம் முடியும்போது க்யூ கையில் தங்கினால் உங்களுக்கு 10 புள்ளி போய்விடும், முடித்தவருக்கு அதே 10 கூடும், அந்த எரிச்சல் வேறு. முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது க்யூ-ஐ என்ற இரண்டெழுத்துச் சொல். உடம்பில் ஓடுவதாகச் சீனர்கள் சொல்லும் உயிர்ச்சக்தி அது, உச்சரிப்பு 'ச்சீ'. ஸ்க்ராபிளில் செல்லும் சொற்களின் வட அமெரிக்கப் பட்டியலில் 2006-இல்தான் ஏறியது. எழுத்துக்கு மூன்று மடங்கு தரும் கட்டத்தில் க்யூவை வைத்து, குறுக்கே ஒரு தடவையும் நெடுக்கே ஒரு தடவையும் இதே சொல் அமைந்தால் (ஓர் ஐ ஏற்கெனவே பலகையில் இருக்க வேண்டும்) க்யூவுக்கு 30, ஐ-க்கு 1 என்று 31-உம் 31-உம் 62, அதுவும் கையிலிருந்து இரண்டே டைலில்.

மற்றவை பெரும்பாலும் அரபி, எபிரேய வரவுகள். அரபியின் காஃப் எழுத்தை ரோமன் எழுத்தில் க்யூ என்று எழுதுவார்கள், அதற்குப் பின்னால் யூ வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. நமக்கு இது லாபம்தான். பக்கீர், தலாக், நிகாப், கவ்வாலி எல்லாம் காதில் விழுந்து பழகியவை, கே வரும் இடத்தில் க்யூ போட்டு எழுதுங்கள், காலின்ஸ் அகராதிப் பட்டியலில் செல்லும். ஏமனில் மெல்லுகிற இலை க்யூ-ஏ-டி. ஈரானில் நிலத்தடியில் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் க்யூ-ஏ-என்-ஏ-டி. கணினி விசைப்பலகையின் மேல்வரிசை முதல் ஆறு எழுத்தும் சேர்ந்தே ஒரு சொல், க்வெர்ட்டி. ஒரே ஒரு எச்சரிக்கை: எந்தப் பட்டியல் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். நாமும் இலங்கைக்காரர்களும் ஆங்கிலேயரும் ஆடுவது காலின்ஸ், அமெரிக்காவுக்குத் தனிப் பட்டியல். இதைப் பேசாமல் உட்கார்ந்தால் சண்டைதான்.

கேள்வி: ஜி-ஆர்-வை என்று முடியும் மூன்று சொற்களில் ஆங்க்ரி, ஹங்க்ரி தெரியும். மூன்றாவது?

பதில்: 1975 வாக்கில் அமெரிக்காவில் கிளம்பிய விடுகதை இது, இன்னும் அடங்கவில்லை. ஒரு வடிவத்தில் 'தி இங்கிலீஷ் லாங்குவேஜ்' என்ற தொடரின் மூன்றாவது சொல் எது என்பதுதான் கேள்வியே, விடை லாங்குவேஜ். வாய்மாறி வாய்மாறி அந்தத் தந்திரம் தொலைந்துபோய், கேள்வி மட்டும் அலைகிறது. புழக்கத்தில் மூன்றாவது சொல் அப்போது இல்லை. இப்போது பசியால் வரும் கோபத்துக்கு ஹாங்க்ரி வந்துவிட்டது, 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே சேர்த்துக்கொண்டது.

கேள்வி: ஐந்து உயிரெழுத்தும் ஒரே சொல்லில் வருமா?

பதில்: எஜுகேஷன். ஏழே எழுத்தில் வேண்டுமானால் செக்வோயா மரம். ஏ-ஈ-ஐ-ஓ-யூ வரிசை மாறாமல் வேண்டுமானால் ஃபசீஷியஸ்.

கேள்வி: உயிரெழுத்தே இல்லாமல்?

பதில்: வை என்ற எழுத்தை உயிராகக் கணக்கு வைக்காவிட்டால் ரிதம் இருக்கிறது. வையும் கூடாது என்றால் வெல்ஷ் மொழியிலிருந்து வந்த சி-டபிள்யூ-எம், ஒரு வகை மலைப்பள்ளத்தாக்கு. அங்கே டபிள்யூதான் உயிரெழுத்து வேலை பார்க்கிறது. பட்டியல் எது என்று கேட்டுக்கொண்டீர்களா?

கேள்வி: ஆங்க்ரி, ஹங்க்ரி, இன்னொன்று என்ன சார்?

பதில்: மேலே.

கேள்வி: இட்லி, தோசை செல்லுமா?

பதில்: இட்லி செல்லும். டோசா செல்லும். டி-ஓ-எஸ்-ஏ-ஐ கூடச் செல்லும், ஆனால் டோசாவின் பன்மையாக.

கேள்வி: தோசை ஒருமை சார்! ஒரு தோசை, இரண்டு தோசை. இது என்ன அநியாயம்?

பதில்: அநியாயம்தான், எனக்கும் கடுப்புதான். ஆனால் பலகையில் நியாயம் பேசிப் புள்ளி வராது. பன்மையாகப் பதிந்திருப்பதால் அதன் வாலில் எஸ் ஒட்ட முடியாது, எதிராளி ஒட்டினால் உடனே சேலஞ்ச் செய்யுங்கள்.

கேள்வி: பிழையை ஏற்று விளையாடுவது தமிழுக்குச் செய்கிற துரோகம் இல்லையா? அர்த்தமே பார்க்காமல் மனப்பாடம் செய்வது என்ன படிப்பு?

பதில்: இதே தொனியில் நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள், நடுவில் ஒருவர் கட்டுமரம் கடாமரான் ஆன கதையையும் இழுத்துவிட்டார், ஒருவர் மிளகுத்தண்ணீர் மல்லிகட்டானி ஆன கதையோடு வந்தார். எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கடன் வாங்கியவன் அவன் வசதிக்குத்தான் எழுதுவான், நாமும் பெஞ்சையும் பஸ்ஸையும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். அப்புறம், ஸ்க்ராபிள் படிப்பு என்று யார் சொன்னது? நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015-இல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டம் வாங்கினார், 2024-இல் ஸ்பானிஷிலும் அதே கதை. அர்த்தம் தெரிந்தால் நினைவில் நிற்கும், அதனால் நான் பார்ப்பேன். பார்க்காதவரைத் துரோகி என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: இன்றைய வேர்டில் (Wordle) புதிரின் விடை?

பதில்: நீங்களே போடுங்கள்.

கேள்வி: கையில் ஏழு எழுத்து இருக்கிறது, சொல் தெரியவில்லை. எப்படிப் பழகுவது?

பதில்: நல்ல கேள்வி, இவ்வளவு கீழே வந்து கிடைக்கிறது. ஏழும் ஒரே வீச்சில் போனால் 50 புள்ளி கூடுதல். அதற்கு ரெட்டினா என்ற ஆறெழுத்தை எடுத்துக்கொண்டு ஏழாவதாக ஒவ்வோர் எழுத்தாய்ச் சேர்த்துப் பாருங்கள். சி சேர்ந்தால் சர்ட்டன், ஜி சேர்ந்தால் கிரானைட், எல் சேர்ந்தால் ரிலையன்ட், கே சேர்ந்தால் நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின். எஸ் சேர்ந்தால் ரீடெயின்ஸ், நாஸ்டியர், ஸ்டெயினர் என்று ஒரு கூட்டமே வரும். எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கி, அந்த அடுக்கைப் பார்த்ததும் சொல் வாயில் வரும்படி பழகுங்கள், போட்டிக்காரர்கள் பலர் படிப்பது அப்படித்தான். ஒரு வாரம் ரெட்டினா மட்டும், அடுத்த வாரம் டிசேன் (டி-ஐ-எஸ்-ஏ-என்-ஈ) என்ற இன்னோர் ஆறெழுத்து.