மரண தண்டனைக் கட்டுரை: மனம் எந்தப் பத்தியில் மாறியது?

மரண தண்டனையை எதிர்த்துவந்த நீங்கள், ஒரே ஒரு நடுப்பக்கக் கட்டுரையால் ஆதரவாளராகிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், நாளிதழ்க் கருத்துக் கட்டுரைகளால் ஏற்பட்ட மனமாற்றம் ஒரு மாதம் கழித்தும் ஓரளவு நீடித்தது.

முதல் பத்தியை மறுபடி பாருங்கள். பெரும்பாலும் மகளை இழந்த தாய் ஒருத்தி அங்கே அழுதுகொண்டிருப்பாள். புள்ளிவிவரம் வருவதற்குள் நீங்கள் கட்சி சேர்ந்திருப்பீர்கள். பிறகு ‘சிலர் கேட்கலாம்’ என்று ஒரு பத்தி வரும். எதிர்த்தரப்பின் நோஞ்சான் வாதமாகப் பார்த்து நிறுத்தி வீழ்த்துகிற இடம் அது (எனக்கு எரிச்சலூட்டுவதும் அதுதான்). நிரபராதி தூக்கிலிடப்பட்டால் என்ன செய்வது என்ற கேள்வி அங்கே இருந்ததா? இல்லையென்றால் உங்கள் பழைய நிலைப்பாட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை.

தலைப்பின் காரத்துக்குக் கட்டுரையாளரைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் அதை வைப்பது ஆசிரியர் குழு.