சுற்றுச்சூழல் உயிரியல் படிக்க வைக்கலாமா? டர்பனிலிருந்து என் பதில்

மகள் மெட்ரிக் (பள்ளியின் கடைசி, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு) எழுதுகிறாள், பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் உயிரியல் படிக்க ஆசைப்படுகிறாள், "செடி கொடி பார்த்தால் சோறு கிடைக்குமா" என்று வீட்டில் கேட்கிறார்கள், என்ன செய்யலாம் என்று டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்.

படிக்க வையுங்கள் அக்கா. நான் இதைத்தான் படித்தேன். இங்கே குவாஸூலு-நட்டால் மாகாணத்திலேயே ஆறுகளைப் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன்.

இந்தப் படிப்பு என்றதும் சிங்கம், யானை என்று நினைக்கிறார்கள். எனக்குப் பாடம் சொன்னவை ஆற்றுக் கல்லுக்கு அடியில் இருக்கும் பூச்சிகள். தென்னாப்பிரிக்காவில் ஆற்றின் நலம் பார்க்க 'சாஸ்' என்றொரு முறை உண்டு. ஆற்றில் இறங்கிக் காலால் கற்களைக் கிளறி, கலைந்து வருவதை வலையில் பிடித்து, தட்டில் கொட்டி, கரையிலேயே ஒவ்வொன்றும் எந்தக் குடும்பம் என்று அடையாளம் காண வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 15 வரை மதிப்பெண் உண்டு. அழுக்கைத் தாங்கவே தாங்காத பெர்லிடே என்ற ஸ்டோன்ஃபிளைப் பூச்சிக் குடும்பத்துக்கு 12. கொசு போலவே இருந்தும் கடிக்காத மிட்ஜ் பூச்சியின், சாக்கடை நீரிலும் பிழைக்கும் சிவப்புப் புழுவுக்கு 2. அந்தச் சிவப்பு ஹீமோகுளோபினால் வருவது. பிராணவாயு குறைந்த சேற்றில் வாழ அதுதான் உதவுகிறது.

ஏன் பூச்சி, தண்ணீரைப் புட்டியில் பிடித்து லேபுக்கு அனுப்பினால் போதாதா? புட்டி, பிடித்த அந்த நேரத்துத் தண்ணீரை மட்டும்தான் காட்டும். ராத்திரியில் யாராவது கழிவைத் திறந்துவிட்டால் காலைக்குள் அது கடலுக்குப் போய்விடும். மாதக்கணக்கில் அங்கேயே வாழும் பூச்சி எங்கே போகும்? நேற்று வரை இருந்த குடும்பம் இன்று காணவில்லை என்றால், என்னவோ நடந்திருக்கிறது. இதைக் கற்ற நாளில்தான் இந்தப் படிப்பின் பலம் எனக்குப் புரிந்தது. நம் சனம் பல காலமாக ஆலைகளுக்கும் அழுக்கு ஆறுகளுக்கும் பக்கத்தில் குடியிருக்கிறது. ஆலை வாசலுக்குப் போய்க் கத்துவதோடு, எண்களையும் கையில் வைத்துப் பேசத் தெரிந்தவர்கள் நம் வீடுகளிலிருந்து வர வேண்டும்.

மனதுக்குக் கஷ்டமான பாடங்களும் உண்டு. மாரியம்மன் பூஜைக்கு எங்கள் வீட்டில் சிரிங்கா இலைதான். வேம்பின் உறவு அது. ஆனால் இந்நாட்டுச் சட்டப்படி அது வெளிநாட்டிலிருந்து வந்து கட்டுக்கடங்காமல் பரவும் இனம். ஆற்றங்கரைகளில் பரவி உள்ளூர் மரங்களை நெருக்குகிறது. பூஜையை விடச் சொல்ல மாட்டேன். ஆற்றோரக் கன்றைப் பிடுங்கத்தான் சொல்வேன்.

இனி வேலை. 1998-இன் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டப்படி, பட்டியலிட்ட பெரிய கட்டுமானங்களுக்கு முன்கூட்டியே பாதிப்பு மதிப்பீடு செய்தாக வேண்டும். கன்சல்டன்சிகளில் வேலை இருப்பதே அதனால்தான். அது தவிர நகராட்சி, நீர் வாரியம், எஸெம்வெலோ போன்ற வனவுயிர் அமைப்புகள். சும்மா மூன்று வருட பி.எஸ்சி.யோடு நின்றால் கஷ்டம். ஆனர்ஸ் என்ற நாலாவது வருடத்தையும் சேர்த்தே பணத்துக்குத் திட்டமிடுங்கள். சாக்னாஸ்ப் என்ற அறிவியலாளர் குழுமத்தில் புரொஃபஷனல் நிலையில் பதிவாக நாலு வருடப் படிப்பும் வேலை அனுபவமும் கேட்பார்கள். தொடக்கத்தில் பல வேலைகள் ஒப்பந்த அடிப்படையில்தான் வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பாடத்தேர்வில் ஒன்றே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: புள்ளியியல். களத்துக்கு ஆசைப்பட்டு வரும் பிள்ளைகள் அதைத்தான் தள்ளிவைக்கிறார்கள். பூச்சியை எண்ணத் தெரிந்து, அந்த எண் என்ன சொல்கிறது என்று விளக்கத் தெரியாவிட்டால் அறிக்கையை வேறொருவர் எழுதுவார். மெட்ரிக்கில் மேத்தமேட்டிகல் லிட்டரசி என்ற எளிய கணக்குப் பாடம் வேண்டாம், முழுக் கணிதமே இருக்கட்டும். லைஃப் சயின்ஸோடு ஃபிசிக்கல் சயின்ஸும் இருந்தால் நல்லது.

சி.ஏ.ஓ. என்ற பல்கலைக்கழக விண்ணப்ப அலுவலகத்தில் விண்ணப்பிக்கும் முன் ஒரு சனிக்கிழமை மகளை உம்லதுசானா ஆற்றுக்குக் கூட்டிப் போங்கள். பள்ளிப் பிள்ளைகளும் செய்யக்கூடிய 'மினிசாஸ்' என்ற எளிய வடிவம் உண்டு; பூச்சி, புழு, நத்தை என்று 13 வகைச் சிற்றுயிர்களை அடையாளம் கண்டால் போதும். சின்ன வலை, வெள்ளைத் தட்டு, பூதக்கண்ணாடி, கம்பூட் (ரப்பர் பூட்ஸ்) எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளம் கழிவுநீர்க் கட்டமைப்பைச் சிதைத்த ஊர் இது. கையில் காயம் இருந்தால் இறங்க வேண்டாம், அப்புறம் சோப்பு போட்டு நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். வெயிலில் இரண்டு மணி நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்த பிறகும் "அடுத்த கல்லையும் பார்க்கலாம்" என்று அவள் கேட்டால், தயங்காமல் விண்ணப்பியுங்கள்.