மேட்சை ஒளிபரப்புகிறவரே பந்தயமும் நடத்தினால் என்ன தப்பு?

வெளிநாட்டில் மேட்ச் காட்டும் கம்பெனியே பந்தய ஆப்பும் நடத்துகிறதாமே, மேட்ச் ஃபிக்ஸிங் இல்லாதவரை யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரை செல்லூரில் கேபிள் டிவி கன்ட்ரோல் ரூமில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் நான். ஃபிக்ஸிங் வரைக்கும் போகவே வேண்டாம்.

2018 ஐபிஎல் சமயம். எங்கள் ஆபீஸுக்கு எதிரே ஒரு டீக்கடை. பிஸ்கட் பாட்டிலில் சாய்த்து வைத்த போனில்தான் அங்கே மேட்ச் ஓடும். ஐந்தாறு பேர் நின்றுகொண்டு பந்துக்குப் பத்து ரூபாய் கட்டுவார்கள். ஃபோரா, சிக்ஸா, விக்கெட்டா? பந்தயம் பிடித்தது எங்களோடு வேலை பார்த்த ஒருவன். கன்ட்ரோல் ரூம் மானிட்டரில் படம் டிஷ்ஷிலிருந்து நேராக வந்துவிடும். அதே படம் நெட் வழியாகப் போனுக்கு வந்து சேர அரை நிமிடம் ஆகும். உள்ளே உட்கார்ந்திருந்த அவன் மச்சினன் மிஸ்டு கால் கொடுப்பான். ஒரு ரிங் என்றால் ஃபோர், இரண்டு என்றால் சிக்ஸ், விடாமல் அடித்தால் விக்கெட். தோற்கப்போகிறவன் காசை மட்டும் இவன் வாங்குவான். ஜெயிக்கப்போகிறவன் நீட்டினால், "இந்தப் பந்து வேணாம்ணே, அடுத்ததுக்குப் பாப்போம்" என்பான்.

நாலு நாள் ஓடியது. அப்புறம் ஒரு சாயங்காலம், டிடிஎச்சில் பார்த்துக்கொண்டிருந்த மாடி வீட்டுப் பையன் "அவுட்டு!" என்று கத்தினான். கடைப் போனில் பவுலர் அப்போதுதான் பந்தைப் பேண்டில் தேய்த்துக்கொண்டிருந்தார். இவன் சட்டைப் பையில் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. டீ மாஸ்டர் ஆற்றிய டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பையையே பார்த்தார். அடிதடி எதுவும் நடக்கவில்லை. "கேபிள் ஆபீஸ்காரன் இனிமே இங்க பந்தயம் பிடிக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். மற்றவர்கள் கட்டலாமாம்!

பெரிய கம்பெனிகள் மிஸ்டு கால் கொடுப்பதாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கேயும் ஆட்டம் ஓடும்போதே பந்துக்குப் பந்து பந்தயம் நடக்கிறது. படம் முதலில் யார் கையில் இருக்கிறது என்பது அங்கேயும் கேள்விதான். தொடர்ந்து ஜெயிக்கிறவர்களின் கணக்குக்கு வரம்பு போடுவதும் அந்தத் தொழிலில் உண்டு. "இந்தப் பந்து வேணாம்ணே" என்பதை அவர்கள் நாகரிகமாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

எனக்கு இதைவிட உறுத்துவது கமென்டரி பெட்டி. டிவிக்காரருக்கு நீங்கள் மேட்ச் பார்த்தாலே போதும், சந்தாவும் விளம்பரமும் வந்துவிடும். பந்தயம் நடத்துகிறவருக்கு நீங்கள் தோற்றால்தான் காசு. இரண்டும் ஒரே முதலாளி என்றால், "இந்த ஓவர்ல இவர் கண்டிப்பா அடிப்பார்" என்று மைக்கில் வரும் பேச்சை எந்தக் கணக்கில் எழுதுவது? சொல்பவர் மனசறிந்து பொய் சொல்லாமலே இருக்கலாம். அதைக் கேட்கிற நமக்குத்தான் சந்தேகம் தீராது.

அமெரிக்காவில் 2023 ஜூனில் நடந்ததைப் பாருங்கள். என்பிஏ கூடைப்பந்து அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள். இரண்டாவது இடத்துக்கு ஸ்கூட் ஹெண்டர்சன் பெயர் வலுவாக அடிபடுகிறது என்று ஷாம்ஸ் சரானியா என்ற பிரபல நிருபர் ட்வீட் போட்டார். பந்தய விகிதம் உடனே தலைகீழானது. கடைசியில் அந்த இடத்துக்குப் போனவர் பிராண்டன் மில்லர். அந்த நிருபருக்கு அப்போது ஃபேன்டூயல் என்ற பந்தய நிறுவனத்தோடும் ஒப்பந்தம் இருந்தது. ட்வீட் பற்றித் தங்களுக்கு முன்கூட்டி எதுவும் தெரியாது என்றது நிறுவனம். அது உண்மையாகவே இருக்கட்டும். கேள்விப்பட்டதைத்தான் அவர் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். இருந்தாலும் பணம் விட்டவனிடம் போய் அதைச் சொல்லி நம்ப வைக்க முடியுமா?

அமெரிக்க விளையாட்டு சேனலான இஎஸ்பிஎன் அதே வருடம் பென் என்ற சூதாட்ட நிறுவனத்துக்குத் தன் பெயரைப் பத்து வருடத்துக்கு 150 கோடி டாலருக்குக் கொடுத்து 'இஎஸ்பிஎன் பெட்' தொடங்க வைத்தது. அது 2025 டிசம்பரில் முடிந்துபோனது. பிரிட்டனில் ஸ்கை டிவி, தன் பந்தய நிறுவனமான ஸ்கை பெட்டின் பெரும்பங்கை 2014-இலேயே விற்க முடிவு செய்தது. ஆனால் பெயர் அப்படியே நிற்கிறது. ஸ்கை ஸ்போர்ட்ஸ் காட்டும் இங்கிலீஷ் ஃபுட்பால் லீகின் ஸ்பான்சரும் 2013 முதல் ஸ்கை பெட்தான்.

ஒரே ஆள் இரண்டு பக்கமும் ஆதாயம் பார்ப்பதற்கு 'ஆதாய முரண்' என்று பெயர். நம் பக்கம் அந்தச் சொல் டீக்கடை வரை வந்தது 2013 ஐபிஎல் பந்தய விவகாரத்தில்தான். கிரிக்கெட் வாரியப் பொறுப்பில் இருப்பவர் ஐபிஎல்லில் வியாபாரமும் செய்யலாம் என்று இடம் கொடுத்த விதித் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரியில் ரத்து செய்தது. அந்த விவகாரத்தில் சிக்கிய சென்னை அணி இரண்டு வருடம் ஆடவில்லை. (மஞ்சள் சட்டை போட்டவன்தான் நானும். வலித்தது, ஆனால் தீர்ப்பு சரி.)

ஒளிபரப்பில் நமக்குக் கிட்டத்தில் உள்ள உதாரணம் ட்ரீம் ஸ்போர்ட்ஸ். மேட்ச் காட்டும் ஃபேன்கோடும், நாமே கற்பனை அணி அமைத்து ஆடும் ட்ரீம்11 ஆப்பும் அந்த ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. ட்ரீம்11 சூதாட்டம் இல்லை, திறமை விளையாட்டு என்று முன்பு நீதிமன்றங்கள் சொன்னதுண்டு. ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டையும் அதன் விளம்பரத்தையும் தடை செய்துவிட்டது. ட்ரீம்11 கட்டணப் போட்டிகளை நிறுத்திக்கொண்டது.

அதனால் இன்றைக்கு உங்கள் கேள்வி இங்கே நேராக எழாது. சுற்றி வளைத்து எழும். பந்தயக் கம்பெனிகள் 'செய்தித் தளம்' என்று வேஷம் போட்டு விளம்பரம் செய்வதைக் காட்டாதீர்கள் என்று மத்திய அரசு 2022-இலேயே டிவிக்காரர்களை எச்சரித்தது. அடுத்த முறை மேட்ச் பார்க்கும்போது, நீங்கள் கேள்வியே பட்டிராத ஒரு 'நியூஸ்' கம்பெனியின் பெயர் ஓவருக்கு நடுவில் வந்தால், அது என்ன நியூஸ் போடுகிறது என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள்.