மழைக்கு முன்னே எந்த வேலை?

கேள்வி: அன்புள்ள அக்கா, மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவர் சென்னை வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். மாமனார், மாமியார், நாங்கள் இருவர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். ஐந்து ஏக்கர் நிலம், இரண்டு கறவை மாடு, எட்டு ஆடு. இரண்டு ஏக்கரில் குறுவை அறுப்புக்கு நிற்கிறது. மீதி மூன்றில் சம்பா நட்டாகிவிட்டது. புரட்டாசி பிறந்ததிலிருந்து வீட்டில் நிம்மதியே இல்லை. இயந்திரம் விட்டு அறுத்துவிடலாம் என்கிறார் கணவர். வைக்கோல் வீணாகும், ஆள் விட்டுத்தான் அறுக்க வேண்டும் என்கிறார் மாமனார். இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை, எல்லாம் என் வழியாகத்தான். காலை நாலரைக்கு எழுந்து இரவு பத்து மணிக்குத்தான் உட்காருகிறேன். அப்படியும் பாதி வேலை நிற்கிறது. "நாங்கள் செய்யாததா?" என்கிறார் மாமியார். ஐப்பசி மழைக்குள் இத்தனையையும் எப்படி முடிப்பது? தீபாவளிக்கு அம்மா வீட்டுக்குப் போக ஆசை. "மாட்டை யார் கறப்பது?" என்று கேட்டு அதையும் முடித்துவிட்டார்கள்.
— பெயர் வெளியிட வேண்டாம், திருவாரூர் மாவட்டம்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

இத்தனையையும் முடிக்க முடியாது. முடித்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருக்கும் வரை உங்களுக்கு இரவு பத்து மணி பதினொன்றாகும், அவ்வளவுதான் மாறும். எனவே கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வோம். மழை வந்தால் திரும்பச் சரிசெய்ய முடியாதபடி கெட்டுப்போவது எது? அதை மட்டும் முன்னே வையுங்கள். மற்றதெல்லாம் கார்த்திகைக்குப் பிறகும் அங்கேயேதான் இருக்கும்.

வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். ஐப்பசி பிறந்த சில நாட்கள். அதற்கு முன்பும் நம்ப முடியாது. புரட்டாசி பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை. பகலில் நெல் காயப் போட்ட களத்தில் மாலையில் தண்ணீர் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

முதலில் அறுப்புச் சண்டை. இதில் இருவரும் பாதி சரி. கதிர்களில் நூற்றுக்கு எண்பது பங்கு பொன்னிறமாகிவிட்டால் காத்திருக்க வேண்டாம். இப்போதைய குறுவை ரகங்கள் பலவற்றில் நெல்லுக்கு உறக்கம், அதாவது முற்றியதும் முளைக்காமல் இருக்கும் காலம், குறைவு. பயிர் சாய்ந்து ஈரத்தில் இரண்டு மூன்று நாள் கிடந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். முளைத்த நெல் கொஞ்சத்துக்கு மேல் கலந்திருந்தால் கொள்முதல் நிலையத்தில் வாங்க மாட்டார்கள். முளைக்காவிட்டாலும் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் மூட்டை திரும்பும். மழை மிஞ்சிய ஆண்டுகளில் இந்த அளவைத் தளர்த்தியிருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் தளர்த்துவார்கள் என்று நம்பி நெல்லை வயலில் நிறுத்துவது சூதாட்டம். அறுப்பு தள்ளினால் அதே வயலில் போட வேண்டிய தாளடி நடவும் தள்ளும், பூக்கும் நேரம் குளிரில் மாட்டும். ஆகவே வேகம் என்ற விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வது சரி.

ஆனால் வைக்கோல் விஷயத்தில் உங்கள் மாமனாரை யாரும் ஏமாற்ற முடியாது. இயந்திரம் துப்பிவிட்டுப் போகும் வைக்கோல் நொறுங்கி வயல் முழுவதும் சிதறிக் கிடக்கும். கட்டும் இயந்திரம் வருவதற்குள் ஒரு மழை பெய்தால் பூசணம். கையால் அறுத்து அடித்த வைக்கோல் நீளமாக இருக்கும், போர் போட்டால் மழைத் தண்ணீர் வழுக்கிக்கொண்டு இறங்கும், உள்ளே காய்ந்தே இருக்கும். மாடும் அதை விரும்பித் தின்னும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பசுந்தீவனத்தோடு சேர்த்து ஒரு கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்கு ஆறு கிலோ வைக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாட்டுக்குப் பன்னிரண்டு கிலோ. தை மாதம் சம்பா வைக்கோல் வரும்வரை, அதாவது சுமார் 110 நாளுக்கு, ஏறக்குறைய 1,300 கிலோ. ஒரு ஏக்கர் குறுவையில் தோராயமாக இரண்டு டன் வைக்கோல் கிடைக்கும். ஆக உங்களுக்குத் தேவை முக்கால் ஏக்கர் வைக்கோல்தான்! களத்துக்குப் பக்கத்தில் மேடாக இருக்கும் முக்கால் ஏக்கரை ஆள் விட்டு அறுங்கள், அதை மாமனாரின் மேற்பார்வையில் விடுங்கள். மீதி ஒன்றேகாலை இயந்திரம் அறுக்கட்டும், அது மகன் பொறுப்பு. வயல் காய்ந்திருக்கும்போதே என்றால் டயர் வண்டி போதும். ஒரு மழை விழுந்துவிட்டால் டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் வண்டிதான் இறங்கும், வாடகையும் ஏறும், ஊரே அதற்காகக் காத்துக் கிடக்கும். இந்த வாரமே முன்பணம் கொடுத்து நாள் வாங்கச் சொல்லுங்கள். தார்ப்பாய் இருக்கிறதா, எலி கடிக்காமல் இருக்கிறதா என்று விரித்தும் பார்த்துவிடுங்கள். மழை இறங்கும் நேரத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் தார்ப்பாயின் ஓட்டைகளை எண்ணுகிறார்கள்.

சரி, இந்தக் கணக்கை யார் போய்ச் சொல்வது? நீங்கள் சொல்லக் கூடாது. அப்பாவும் மகனும் ஒரே திண்ணையில் உட்கார்ந்துகொண்டு மருமகள் மூலம் பேசுவது நம் பக்கத்தில் மரியாதை என்ற பெயரில் நடக்கும் ஒரு சோம்பல். அதன் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது. மாமனார் சொன்னதைக் கணவரிடம் சொன்னால் அவருடைய கோபம் உங்கள் மேல். கணவர் சொன்னதை மாமனாரிடம் சொன்னால் "நீ சொல்லிக் கொடுத்ததுதானே" என்ற பார்வை. அடுத்த முறை யாராவது "அவனிடம் கேள்" என்றால், "நீங்களே கேட்டுவிடுங்கள் மாமா, நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறேன்" என்று எழுந்து போய்விடுங்கள். முதல் இரண்டு நாள் வீடு மௌனமாக இருக்கும். இருக்கட்டும்.

பேச்சு வராத வீடுகளுக்கு ஒரு வழி உண்டு. உங்கள் மாமனார் காலையில் எழுந்ததும் தினசரி நாட்காட்டித் தாளைக் கிழித்து நல்ல நேரம் பார்ப்பவராக இருந்தால், அதே நாட்காட்டியில் அறுப்பு நாளையும் வண்டி வரும் நேரத்தையும் உங்கள் கணவர் தன் கையெழுத்தில் எழுதி வைக்கட்டும். ராகு காலத்தில் எழுதியிருந்தால் மாமனாரே கூப்பிட்டுத் திருத்துவார். அங்கே பேச்சு தொடங்கிவிடும்.

அடுத்தது வடிகால். வைக்கோலைவிடவும் இதைத்தான் நான் முன்னே சொல்லியிருக்க வேண்டும், ஆனால் வீட்டில் சண்டை அதைப் பற்றி நடக்கவில்லையே. நட்டுச் சில வாரமே ஆன சம்பாப் பயிர் தண்ணீருக்குள் முழுகினால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்குவது கடினம். பள்ளத்து வயலில் சி.ஆர். 1009 சப்-1 போன்ற ரகம் போட்டிருந்தால் இரண்டு வாரம் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பிழைக்கும். என்ன ரகம் என்று விசாரித்து வையுங்கள், எந்த வயலை முதலில் வடிக்க வேண்டும் என்பது அதை வைத்துத்தான் தெரியும். வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் உங்கள் வீட்டு மண்வெட்டி மட்டும் போதாது, கீழ்வயல்காரர்களும் சேர வேண்டும். அவர்களைக் கூப்பிட்டால் வருவது யார் பேச்சுக்கு? சென்னையிலிருந்து வந்தவர் பேச்சுக்கு இல்லை, உங்கள் மாமனார் பேச்சுக்கு. வரப்போரத்தைச் செதுக்கி அண்டை வெட்டும்போதே எலி வளைகளையும் பார்த்துக் கிட்டிப் பொறி வைக்கச் சொல்லுங்கள். வளை இருக்கும் வரப்பு முதல் வெள்ளத்திலேயே உடையும். பெருமழை அறிவிப்பு வந்த பிறகு யூரியா இறைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அது உங்கள் வயலில் நிற்காது, வாய்க்காலோடு போய்விடும்.

மாட்டுக்கொட்டகை உங்கள் கையில் இருப்பதால் அதைப் பற்றி உங்களிடமே சொல்கிறேன். தரையில் சாணமும் மூத்திரமும் தேங்காமல் வாட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் மடிநோய் வருவது பெரும்பாலும் ஈரத்தரையால்தான். கறந்து முடித்ததும் காம்பின் துளை மூட அரை மணி நேரம் போலாகும். அந்த நேரத்தில் மாடு படுத்தால் அழுக்கு உள்ளே போகும். எனவே தீனியைக் கறந்த பிறகு போடுங்கள், நின்றபடி தின்னும். கோமாரித் தடுப்பூசி ஆண்டுக்கு இரண்டு முறை அரசே இலவசமாகப் போடுகிறது. உங்கள் ஊருக்கு முகாம் வந்துபோய்விட்டதா என்று கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஆடுகளுக்குத் துள்ளுமாரித் தடுப்பூசியைப் பற்றியும் அங்கேயே கேட்டுவிடுங்கள். மழைக்குத் துளிர்க்கும் இளம்புல்லை வயிறு முட்டத் தின்றுவிட்டு, காலையில் நன்றாக இருந்த ஆடு மாலைக்குள் செத்துக் கிடப்பது இந்த நோயில்தான். பனி உலர்ந்த பிறகு ஓட்டிப் போவதும், கிளம்பும் முன் கொஞ்சம் காய்ந்த தழை காட்டுவதும் நல்லது. அவசரமென்றால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

உங்கள் கால்களையும் கவனியுங்கள். சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்து வைப்பது பழைய வழக்கம். ஆனால் அதைவிட முக்கியம், இரவில் விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்துவிட்டுப் படுப்பது. புண்ணோடு தேங்கிய நீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் தொற்றலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால் கஷாயத்தில் நாளைக் கடத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

தள்ளிப் போடக்கூடியவற்றையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு வெள்ளையடிப்பது, கொல்லையைக் கொத்துவது, பரணைக் காலி செய்வது எதுவும் இப்போது வேண்டாம். முறுக்கைக் கடையில் வாங்கினால் யாருக்கும் குறைந்துவிடாது. புரட்டாசிச் சனிக்கிழமைத் தளிகையை உங்கள் மாமியார் விடமாட்டார், விடவும் வேண்டாம். ஆனால் அன்று சமையல் அவருடையது, நீங்கள் கூடமாட உதவுகிறவர் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

"நாங்கள் செய்யாததா?" என்றாரே, செய்தார்கள், சந்தேகமே இல்லை. அவர் மருமகளாக வந்தபோது அந்த அடுப்படியில் எத்தனை பெண்கள் இருந்தார்கள் என்று ஒருநாள் சும்மா கேட்டுப் பாருங்கள். நாத்தனார், ஓர்ப்படி, சின்ன மாமியார் என்று பெயர் சொல்லிச் சொல்லி அவரே எண்ணுவார். இப்போது அங்கே நீங்கள் ஒருவர். அன்று நடவுக்கு உள்ளூர்ப் பெண்கள் வரிசையாக வந்தார்கள், இன்று டெல்டாவில் பல ஊர்களில் மேற்கு வங்கத்திலிருந்து வந்த இளைஞர்கள் நாற்று நடுகிறார்கள். வேலையின் அளவு அப்படியே இருக்க, கைகள் குறைந்துவிட்டன. இதை நீங்கள் சொன்னால் வாதம். அவர் வாயாலேயே வந்தால் வேறு. வேலையாட்களுக்கு டீ, பிள்ளைகளின் மாலைப் பலகாரம், கோழிகள் இந்த மூன்றையும் அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான மாமியார்களுக்கு வேலை பாரமில்லை, தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்பதுதான் பாரம்.

நீங்கள் கேட்காத ஒன்று. நாலரை மணிக்கு எழுந்து கறக்கிறீர்களே, பால் பணம் யார் கணக்கில் விழுகிறது? பால் கூட்டுறவுச் சங்கத்தில் பெண்கள் தங்கள் பெயரிலேயே உறுப்பினராகலாம், பணம் நேரே உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். குடும்பச் செலவுக்குத்தான் அது போகப் போகிறது என்றாலும் உங்கள் கை வழியாகப் போகட்டும். சண்டை போட்டுக் கேட்க வேண்டாம், அறுப்பு முடிந்து வீட்டில் நெல் பணம் வந்திருக்கும் வாரத்தில் கேளுங்கள். இன்னொரு காகித வேலையும் உண்டு. சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்யக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் சான்று, வாங்கக் கடைசி வாரத்தில் போனால் வரிசையில் நின்று நெல்லையும் மறந்துவிடுவீர்கள். இது படித்த உங்கள் கணவருக்கான வேலை, இப்போதே அனுப்புங்கள்.

கடைசியாகத் தீபாவளி. போய்விட்டு வாருங்கள். மாட்டை யார் கறப்பது என்பது நியாயமான கேள்வி, ஆனால் அதற்கு "நீதான்" என்பது மட்டுமே பதில் இல்லை. விவசாயம் செய்ய ஊருக்கு வந்த மனிதர் பால் கறக்கக் கற்றுக்கொள்ளட்டும். புதுக் கை பட்டால் மாடு பாலை அடக்கும், அதனால் முந்தின நாள் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப முடியாது. இன்று மாலையிலிருந்தே நீங்கள் பக்கத்தில் நிற்க, சாதுவான மாட்டை அவர் கறக்கட்டும். முதல் வாரம் பால் குறையும், சங்கத்துச் சீட்டில் அது தெரியும், மாமனார் ஏதாவது சொல்வார். பத்துப் பதினைந்து நாளில் சரியாகிவிடும். அப்போதும் மாடு ஒத்துவரவில்லை என்றால் பக்கத்து வீட்டில் கறக்கத் தெரிந்தவரிடம் இரண்டு நாளுக்குப் பேசி வையுங்கள், அந்த இரண்டு நாள் பாலை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். பஸ் டிக்கெட்டை மட்டும் இப்போதே எடுத்துவிடுங்கள், தீபாவளி நெருங்கினால் கிடைக்காது.