எலக்ட்ரான் கூடினால் அணு ஏன் சுருங்குகிறது? பதினொன்றாம் வகுப்பு மாணவியின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

காலாண்டில் வேதியியல் மதிப்பெண் குறைந்துவிட்டது, குரூப் மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம். குளோரினில் எலக்ட்ரான் அதிகம், பிறகு எப்படி அது சோடியத்தைவிடச் சின்னது என்று மகள் நச்சரிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மதிப்பெண்ணைவிட அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

பாடப்புத்தக அட்டவணையில் சோடியம் அணுவின் ஆரம் 186 பிக்கோமீட்டர், குளோரின் 99தான். ஆவர்த்தன அட்டவணையின் ஒரு தொடரில், அதாவது கிடைவரிசையில், இடமிருந்து வலம் போகையில் எலக்ட்ரான்கள் அதே வெளிக்கூட்டில்தான் (கருவைச் சுற்றியுள்ள வெளி அடுக்கில்) சேர்கின்றன. கருவிலோ புரோட்டான் 11இலிருந்து 17 ஆகிறது. ஒரே கூட்டில் உள்ள எலக்ட்ரான்கள் கருவின் இழுப்பை ஒன்றுக்கொன்று அவ்வளவாக மறைப்பதில்லை. அதனால் இழுப்பு கூடி அணு சுருங்குகிறது. தொகுதியில், அதாவது செங்குத்து வரிசையில், கீழே இறங்கினால் படிக்கொரு புதுக் கூடு, அணு பெரிதாகிறது. சரி, இதை அவளே உங்களுக்கு வரைந்து விளக்கட்டும். காரணம் புரியாமல், அளவு எந்தப் பக்கம் கூடும் என்று காட்டும் அம்புக்குறியை மனப்பாடம் செய்வதுதான் மதிப்பெண்ணைக் கெடுக்கிறது.

அப்புறம் சிர்க்கோனியத்தையும் அதற்கு நேர் கீழே உள்ள ஹாஃப்னியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கூடு கூடியும் ஆரம் 160, 159. இடையில் வரும் 14 தனிமங்களில் 4எஃப் எனும் உள் அடுக்கில் எலக்ட்ரான்கள் நிரம்புகின்றன. அவை கருவின் இழுப்பை மோசமாகத்தான் மறைக்கும், அதனால் இழுப்பு கூடி, புதுக் கூட்டால் வர வேண்டிய பெருக்கம் இல்லாமல் போகிறது. லாந்தனைடு குறுக்கம் என்பது இதுதான். அளவு ஒன்றாகிவிட்டதால் குணமும் ஏறத்தாழ ஒன்றாகி, இரண்டும் தாதுவில் சேர்ந்தே கிடக்கின்றன. அணு உலையின் எரிபொருள் குழாய்க்குச் சிர்க்கோனியம் வேண்டும், அது நியூட்ரானை அதிகம் விழுங்காது. ஹாஃப்னியம் நன்றாகவே விழுங்கும். ஆகவே பிரித்தே தீர வேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் சிர்க்கோனியம் உள்ள சிர்க்கான் தாது இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் சிர்க்கோனியம் வளாகமே இருக்கிறது. வேதியியல் படித்தவர்களுக்கும் வேதிப் பொறியாளர்களுக்கும் இப்படிப்பட்ட இடங்களில் வேலை உண்டு. உங்கள் மகள் கேட்டது இந்த வேலைக்கான கேள்வி.

வழிகள் இவை. பன்னிரண்டு முடித்ததும் நெஸ்ட் நுழைவுத் தேர்வு எழுதிப் புவனேஸ்வரில் உள்ள நைசர் என்ற மத்திய அறிவியல் நிறுவனத்தில் ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. சேரலாம். ஐசர் எனப்படும் மத்திய அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கு ஐ.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வு தனி. இரண்டும் கிடைக்காவிட்டால் ஆய்வகம் நன்றாக உள்ள கல்லூரியில் பி.எஸ்சி., பிறகு ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. வேதிப் பொறியியல் ஆசை இருந்தால் கணிதத்தை விடக் கூடாது. வணிகவியலுக்கு மாறினால் இவை எல்லாமே அடைபடும்.

நெஸ்ட் பழைய வினாத்தாள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. இப்போதைக்கு ஆவர்த்தன அட்டவணைக் கேள்விகளை மட்டும் போட்டுப் பார்க்கட்டும், முழுத்தாள் அடுத்த வருடம்.