யானையையே வரையும் மகனுக்கு என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டில் இருக்கிறோம். நான் கொழுந்து பறிக்கிறேன். கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு இரண்டரை. ஜூன் தொடங்கினால் செப்டம்பர் வரை மழை; மழை விட்டாலும் யானை, சிறுத்தை பயத்தால் பிள்ளைகளை வெளியே விட முடிவதில்லை. கைப்பேசியில் வரும் கைவேலைக் காணொளிகளைப் பார்த்துச் செய்ய வைத்தால், அதைப் போல வரவில்லை என்று மகன் அழுகிறான். மகள் எல்லாவற்றையும் கலைத்துவிடுகிறாள். கோட்டுக்கு வெளியே வண்ணம் தீட்டுகிறான் என்று பள்ளியிலும் குறை சொல்கிறார்கள். போன மாதம் யானை வந்து பக்கத்து வீட்டுச் சமையலறைச் சுவரை இடித்ததிலிருந்து, யானை வீட்டை இடிப்பதையே அவன் வரைகிறான், அதையே விளையாடுகிறான். அபசகுனம் என்று மாமியார் தடுக்கிறார். மழைக்காலத்துக்கு நாளுக்கு ஒன்றாக முப்பது விளையாட்டுகள் எழுதித் தருவீர்களா?

ஒரு வாசகி, பந்தலூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முப்பது விளையாட்டுகளின் பட்டியலை நான் தரப்போவதில்லை. நாள் முழுவதும் மழையில் நனைந்து கொழுந்து பறித்துவிட்டு வீடு திரும்பும் உங்கள் தலையில் மாலையில் இன்னொரு வேலையை ஏற்றி வைக்க எனக்கு மனமில்லை என்பது ஒரு காரணம். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தினமும் புதிய விளையாட்டு தேவைப்படுவதே இல்லை என்பதுதான் அதைவிடப் பெரிய காரணம். ஒரு பொருளை முதல் நாள் அவன் தொட்டும் முகர்ந்தும் பார்க்கிறான். மறுநாள் அதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று சோதிக்கிறான். நான்காம் ஐந்தாம் நாளில்தான் தன் மனத்தில் இருக்கும் ஒன்றை அதில் செய்யத் தொடங்குகிறான். நாமோ, அவனுக்குச் சலித்துவிட்டது என்று நாமாகவே எண்ணிக்கொண்டு, இரண்டாம் நாளே அதை எடுத்து வைத்துவிட்டு வேறொன்றை நீட்டுகிறோம்.

காணொளிக் கைவேலை உங்கள் மகனை அழ வைப்பதற்கும் இதோடு தொடர்பு உண்டு. அவற்றில் நீங்கள் காண்பவை பெரும்பாலும் பெரியவர்களின் விரல்கள் செய்து முடித்தவை. கடைசியில் என்ன வர வேண்டும் என்பதை வேறொருவர் முன்கூட்டியே தீர்மானித்துவிட்ட வேலையில், பிள்ளைக்கு மிஞ்சுவது அதைப் போல வந்ததா, வரவில்லையா என்ற ஒரே கேள்விதான். ஐந்து வயதுக் கைகளுக்கு அது எப்போதும் வராது. ஆகவே மாதிரி எதையும் காட்டாமல் பொருளை மட்டும் கொடுங்கள். அவன் கேட்டாலும் நீங்கள் யானை செய்து காட்ட வேண்டாம். செய்து காட்டினால், அவன் தன் யானையை விட்டுவிட்டு உங்கள் யானையைச் செய்ய முயல்வான். “யானைக்கு என்னென்ன இருக்கும்?” என்று மட்டும் கேட்டுவிட்டு, உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

பொருள்களில் பிசைந்த மாவையே நான் முதலில் வைப்பேன். இரண்டு பங்கு மைதா அல்லது கோதுமை மாவு, ஒரு பங்கு பொடியுப்பு, ஒரு கரண்டி எண்ணெய் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகத் தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்துகொள்ளுங்கள். உப்பு இருப்பதால் மாவு எளிதில் கெடாது. ஆனால் அதே உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால், உங்கள் ஊர் ஆடி மாதத்தில் அது ஓரிரு நாளில் கையில் ஒட்டத் தொடங்கும். அப்போது தூக்கி எறியாமல் கொஞ்சம் உலர்ந்த மாவைத் தூவி மறுபடி பிசைந்து, இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் பல நாள் ஓடும். மகள் அதை வாயில் போடுவாள். ஒருமுறை நக்கிப் பார்த்தால் உப்பே அவளைத் தடுத்துவிடும் என்றாலும், அளவுக்கு மீறி விழுங்கினால் வாந்தி வரும் என்பதால் பாட்டி அருகில் இருக்கும் நேரத்தில் மட்டும் கொடுங்கள்.

அடுத்தது நிறம். கடையில் வாங்கும் வண்ணப் பெட்டி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குறையில்லை, ஏனெனில் உங்கள் அடுப்படியிலேயே பாதிப் பெட்டி இருக்கிறது. கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சியில் மஞ்சள் தூளைக் கலந்தால் விரலால் பூசும் மஞ்சள் வண்ணம் கிடைக்கும். பீட்ரூட் துருவிப் பிழிந்த சாறு சிவப்பைத் தரும். தேயிலைத்தூளைச் சுண்டக் காய்ச்சிய சாயத்தை ஒருமுறை பூசினால் இளம்பழுப்பு, காய்ந்த பின் மேலே மேலே பூசினால் கரும்பழுப்பு. தாளில் பூசிய மஞ்சளின் மேல் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரைத் தொட்டு வைத்தால் அது செம்பழுப்பாக மாறும், எலுமிச்சைச் சாறு பட்டால் மீண்டும் மஞ்சளாகும்; செம்பருத்தி இதழைத் தாளில் தேய்த்தால் ஊதா நிறம் ஒட்டும், அதன் மேலும் எலுமிச்சை பட்டால் இளஞ்சிவப்பாகும். ஆரத்திக்குச் செய்வதுபோல் சுண்ணாம்பு கலக்க வேண்டாம். அது கண்ணில் பட்டால் ஆபத்து. இந்த நிறம் மாறும் வித்தையை ஒரே மாலையில் காட்டி முடித்துவிடாமல், தூரிகையையும் இரண்டு கிண்ணங்களையும் அவனிடம் விட்டுவிட்டால், எது எதோடு சேர்ந்தால் என்ன ஆகிறது என்று பார்ப்பதிலேயே அவனுக்கு ஒரு வாரம் போய்விடும். உங்கள் நீலகிரி மாவட்டத்திலேயே கோத்தகிரிப் பக்கத்து ஆலுக்குறும்பப் பழங்குடியினர் மரப்பிசின், இலை, மரப்பட்டை, மண் ஆகியவற்றிலிருந்து எடுத்த நிறங்களைக் கொண்டே ஓவியம் தீட்டி வந்தவர்கள். அடுப்படி வண்ணம் ஏழைக்கான மாற்று ஏற்பாடு என்று நினைத்துவிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தாளுக்குப் பழைய நாட்காட்டியின் பின்பக்கம் மிகவும் நல்லது. தேயிலைத்தூள் அடைக்கும் தாள் சாக்குகளில் கிழிந்து ஒதுக்கப்பட்டவை இருந்தால், தொழிற்சாலையில் கேட்டு வாங்கி வருமாறு உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அதைப் பிரித்து விரித்தால், படுத்துக்கொண்டே வரையும் அளவுக்குப் பெரிய தாள் கிடைக்கும். தண்ணீரில் தூரிகையை நனைத்துத் தரையில் ஓவியம் வரைந்து, அது வெயிலில் மறைவதைப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லும் குறிப்பை எங்கேயாவது படித்திருப்பீர்கள். தமிழகத்திலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களுள் ஒன்றான தேவாலாவுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அது எழுதப்பட்டதன்று. ஜூலையில் உங்கள் வீட்டுத் துணியே காயாது. பிள்ளைகளின் ஓவியங்களை அடுப்புக்கு எட்டாத தொலைவில், ஆனால் அதன் வெப்பம் படும்படி, ஒரு கொடி கட்டித் தொங்க விடுங்கள்.

மழை சற்று விடும் பகல் நேரத்தில் பாட்டியோ நீங்களோ கூடவே போய், வாசலைச் சுற்றிக் கிடப்பவற்றை ஒரு கூடையில் சேர்க்கலாம். சில்வர் ஓக் இலையை நரம்புப் பக்கம் மேலே இருக்கும்படி தாளுக்கு அடியில் வைத்து, மெழுகு வண்ணக்கட்டியைப் படுக்க வைத்துத் தேய்த்தால், இலை முழுவதும் தாளில் எழும்பி வரும். அடிப்புறத்தில் வெள்ளைப் பொடி படிந்த பெரணி இலையைப் புறங்கையில் அழுத்தி எடுத்தால் வெள்ளை அச்சு விழும் என்பது மலைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதையே கறுப்புத் துணியில் அழுத்தி வைத்தால் அது படமாகிவிடும். விழுந்த பாக்கு மட்டை ஒன்று கிடைத்தால், ஒருவர் உட்கார மற்றவர் இழுக்க, வாசல் திண்ணையில் அரை மணி நேரம் ஓடும். வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பிள்ளைகளுக்குக் கைவேலையைவிட இந்த ஓட்டம்தான் அதிகம் தேவை.

சேர்க்கக் கூடாதவையும் உண்டு. குன்றிமணி, ஊமத்தை, அரளி, ஆமணக்கு விதை, உண்ணிச்செடியின் பச்சைக் காய் ஆகியவை நஞ்சு. கூடைக்குள் வரவே கூடாது. மண் வேண்டுமென்றால் தேயிலைச் செடிகளின் அடியிலிருந்து எடுக்க வேண்டாம். உரமும் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் இறங்கிய மண் அது. மண்ணில் விளையாடிய பின் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுக்கப்படும் குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறவிடாதீர்கள். மகளுக்கு மூன்று வயது ஆகும் வரை, தொண்டையில் அடைக்கக்கூடிய சிறு விதையோ கல்லோ அவள் கைக்கு எட்ட வேண்டாம்.

இனி, மகள் கலைப்பதைப் பற்றி. இத்தாலியக் கல்வியாளரான மரியா மாண்டிசோரி 1939-இல் இந்தியாவுக்கு வந்தார். உலகப் போரால் ஊர் திரும்ப முடியாமல் போன அந்த ஆண்டுகளில் சில காலம் கொடைக்கானலில் தங்கி, அங்கும் சிறு பிள்ளைகளோடு பணியாற்றினார். அவருடைய முறையில் மூன்று வயதுப் பிள்ளையும் ஆறு வயதுப் பிள்ளையும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தரையில் தனக்கென ஒரு சிறு பாய் விரித்து வேலை செய்வார்கள், ஒருவர் பாயில் மற்றவர் கை வைப்பதில்லை. சிறு பிள்ளைகளுக்குக் கற்பனைக் கதைகள் சொல்வதை மாண்டிசோரி அவ்வளவாக ஏற்கவில்லை. அதில் எனக்கு உடன்பாடில்லை என்பதால், அவரிடமிருந்து பாயை மட்டும் எடுத்துக்கொள்வோம். மகனுடைய இடத்தைக் கட்டிலின் மேல் ஒரு பலகையில் வைத்துவிட்டு, மகளுக்குக் கீழே ஒரு சாக்கை விரியுங்கள். அவள் கலைப்பதாக உங்களுக்குத் தோன்றுவது அவள் வயதுக்குரிய வேலை: கொட்டுவது, நிரப்புவது, கிழிப்பது, மூடியைத் திறந்து மூடுவது. வெதுவெதுப்பான தண்ணீரும் இரண்டு டம்ளர்களும், அல்லது கிழிக்க ஒரு பழைய செய்தித்தாளும் இருந்தால், அண்ணன் பக்கம் அவள் திரும்ப நேரமாகும். அழுக்காகிறதே என்று மாமியார் சொன்னால், அந்தச் சாக்கை அப்படியே சுருட்டி எடுத்து உதறிவிடலாம் என்று காட்டுங்கள்.

பள்ளியின் குறைக்கு நீண்ட பதில் தேவையில்லை. பெரும்பாலான பிள்ளைகள் ஏறத்தாழ மூன்று வயதில் வட்டத்தையும், நான்கில் கூட்டல் குறியையும், ஐந்தை ஒட்டிச் சதுரத்தையும் முக்கோணத்தையும் பார்த்து வரையக் கற்கிறார்கள். கோட்டுக்குள் நிரப்புவதற்கு வேண்டிய விரல் பிடி அதற்குப் பிறகும் பல மாதங்கள் பழகித்தான் வரும். அவன் கையைப் பிடித்துத் தீட்ட வைக்காதீர்கள். வண்ணக்கட்டியை இரண்டு மூன்று துண்டுகளாக உடைத்துக் கொடுங்கள். துண்டு சிறிதாக இருந்தால் முழுக் கையாலும் பிடிக்க முடியாது, விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும். சில நாட்கள் தாளைச் சுவரில் ஒட்டியும் வரைய விடுங்கள். மணிக்கட்டும் தோளும் உறுதிப்படும். மாவு பிசைவதும் இதே விரல்களுக்கான பயிற்சிதான் என்று ஆசிரியரிடம் பணிவாகச் சொல்லலாம். கைப்பேசியைப் பொறுத்தவரை, இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, அதற்கும் குறைவாக இருப்பது இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. மகனும் அந்த வயதை இப்போதுதான் கடந்திருக்கிறான்.

யானையைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். பக்கத்து வீட்டுச் சுவர் இடிந்தது அவன் கற்பனை அன்று. நள்ளிரவில் கூச்சலும் தகரம் தட்டும் ஓசையும் கேட்டு விழித்த பிள்ளை அவன். பெரியவர்கள் அதை மறுநாள் முழுவதும் குழாயடியில் நின்று பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அவ்வளவு சொற்கள் இல்லாத அவன், மாவிலும் தாளிலும் அதைத் திரும்பத் திரும்ப நடத்திப் பார்க்கிறான். நிஜத்தில் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. விளையாட்டில் யானை எப்போது வர வேண்டும், எந்தச் சுவர் விழ வேண்டும், எப்போது அது திரும்பிப் போக வேண்டும் என்பதையெல்லாம் அவனே முடிவு செய்கிறான். அதைத் தடுத்தால் பயம் போகாது, அதை வெளியே காட்டும் வழிதான் அடைபடும். ஆகவே தடுக்காதீர்கள்; அவசரப்பட்டு நல்ல முடிவையும் திணிக்காதீர்கள். தெப்பக்காட்டு முகாமிலிருந்து பழக்கிய கும்கி யானை வந்து விரட்டட்டும், வனத்துறை ஜீப் வரட்டும் என்று நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம். அவனே ஒருநாள் கொண்டு வரக்கூடும். “இதைப் பற்றிச் சொல்கிறாயா?” என்று கேளுங்கள்; அவன் சொல்வதை அவன் சொன்ன சொற்களிலேயே படத்தின் கீழே எழுதி வையுங்கள்.

மாமியாரும் அன்றிரவு பயந்துதான் இருப்பார். அபசகுனம் என்பது அவர் பயத்தைச் சொல்லும் விதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தம் இளமையில் யானை வந்த கதைகளும், அதிலிருந்து எல்லோரும் தப்பிய விதமும் அவரிடம் இருக்கும். அவற்றைப் பகல் வெளிச்சத்தில், உறங்கும் நேரத்துக்கு வெகுமுன்பே, பேரனுக்குச் சொல்லுமாறு கேளுங்கள். உங்களுக்குப் பக்கத்திலுள்ள கூடலூரில், யானைகளோடு ஒரே காட்டில் வாழ்ந்து வரும் பழங்குடி மக்களே உண்ணிச்செடியின் தண்டுகளைக் கொண்டு உண்மையான யானை அளவுக்கு யானைகள் செய்கிறார்கள் என்பதையும், அவை 2021-இல் இலண்டன் பூங்காக்களில் கூட்டமாக நிறுத்தப்பட்டன என்பதையும் அவருக்குச் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் கவனித்து வாருங்கள். விளையாட்டு நாளுக்கு நாள் கொஞ்சமாவது மாறினால், அதாவது புதிதாக ஓர் ஆள் வந்தால், வீடு திரும்பக் கட்டப்பட்டால், இடையில் அவன் சிரித்தால், அது தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். மாறாக, சிறிதும் மாறாமல், மகிழ்ச்சியே இல்லாமல் அதே காட்சி ஒரு மாதத்துக்கு மேல் நீண்டாலோ, இரவில் அலறி எழுந்தாலோ, நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்கினாலோ, உங்களை விட்டு நகரவே மறுத்தாலோ, அரசு மருத்துவமனையின் குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் இப்போதிருந்தே தேதியைக் குறித்து வாருங்கள். மருத்துவரிடம் போக நேர்ந்தால் அந்தத் தாள்களையும் கொண்டு போங்கள், எது எப்போது மாறியது என்பதை அவர் அவற்றிலிருந்தே தெரிந்துகொள்வார்.