ஏஎன்ஏ பாசிட்டிவ் என்றால் லூபஸ்தானா?

கேள்வி: எனக்கு வயது 31. கணவருடன் சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கிறேன். நான்கு மாதங்களாகக் காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்களை மடக்க முடிவதில்லை. அலுவலகக் குளிரூட்டியில் விரல் நுனிகள் வெளுத்து, பிறகு நீலம் பாரிக்கின்றன. முடி கொட்டுகிறது, வாயில் வலியில்லாத புண்கள் வருகின்றன. ரத்தப் பரிசோதனையில் ஏஎன்ஏ 1:640 என வந்துள்ளது. இது, உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்கும் லூபஸ் நோயா? உறவினர் தந்த மூலிகை மாத்திரையை ஆறு வாரமாகச் சாப்பிடுகிறேன். இரண்டே நாளில் வலி பெருமளவு குறைந்தது. அதைத் தொடரலாமா? நான் குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: உங்கள் கேள்விகளுள் மாத்திரை பற்றியதற்கே முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னதென்று தெரியாத ஒரு மாத்திரை, மாதக்கணக்கில் இருந்த மூட்டுவலியை இரண்டு நாளில் அடக்கியது என்றால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்றுதான் நான் ஐயுறுவேன். மூலிகை என்ற பெயரில் விற்கப்பட்ட இத்தகைய பொருள்களில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு இருந்ததைக் கண்டறிந்து சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டை வாரக்கணக்கில் உட்கொள்ளும்போது உடலில் இயற்கையான ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பிகள் தம் வேலையைக் குறைத்துக்கொள்வதால், அதைச் சட்டென நிறுத்தினால் கடும் சோர்வும் வாந்தியும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மேலும் வாங்கவும் வேண்டாம். மாத்திரையை உறையோடு எடுத்துக்கொண்டு நாளையே மருத்துவரைப் பாருங்கள். அந்த மாத்திரை நோயின் அறிகுறிகளை மறைத்துக்கொண்டும் இருக்கலாம் என்பதை அவர் அறிந்திருப்பது அவசியம்.

இனி ஏஎன்ஏ. நம் உயிரணுக்களின் உட்கருவையே அந்நியமாகக் கருதி உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களைக் காட்டும் பரிசோதனை இது. லூபஸ் உள்ளவர்களில் ஏறத்தாழ அனைவருக்கும் இது பாசிட்டிவாக இருக்கும்; ஆனால் ஆரோக்கியமானவர்களிலும் நூற்றில் பத்துக்கும் மேற்பட்டோருக்கு 1:80 என்ற அளவில், அதாவது ரத்தத்தை 80 மடங்கு நீர்த்த நிலையிலும், காணப்படும். ஆகவே இந்த முடிவு நெகட்டிவாக வந்தால் லூபஸைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாமே தவிர, பாசிட்டிவ் என்பதை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய இயலாது. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் உடல்நலப் பரிசோதனைத் தொகுப்பில் இதையும் சேர்த்து எடுத்துவிட்டு உறக்கம் இழப்பதைப் பார்க்கும்போது, அதைத் தொகுப்பில் சேர்க்காமலே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

உங்கள் நிலை அப்படிப்பட்டதன்று. 1:640 உயர்ந்த அளவு. அதோடு நீண்டநேரக் காலை விறைப்பு, வலியற்ற வாய்ப்புண், முடி உதிர்தல், குளிரில் விரல் நிறம் மாறும் ரேனாட் நிலை ஆகியவை சேர்ந்து வருவதால், இணைப்புத் திசுவைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். குளிர்காலமே இல்லாத சிங்கப்பூரில் ரேனாட் நிலையைப் பெரும்பாலும் அலுவலகக் குளிரூட்டிதான் வெளிக்கொணர்கிறது. மருத்துவர் அறைக்கு வருவதற்குள் நிறம் மாறிவிடும் என்பதால் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஆயினும் இது லூபஸாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கண்ணும் வாயும் வறளும் சோக்ரன் நோய், தோல் இறுகும் ஸ்க்ளீரோடெர்மா, பல நோய்களின் கூறுகள் கலந்த கலப்பு இணைப்புத் திசு நோய் ஆகியவையும் இப்படித் தொடங்கலாம். சிலருக்கு எந்தப் பெயருக்குள்ளும் அடங்காமல் ஆண்டுக்கணக்கில் லேசாகவே நின்றுவிடுவதும் உண்டு. ஏஎன்ஏயைத் திரும்பத் திரும்ப எடுப்பதால் பயனில்லை. டிஎஸ்டிஎன்ஏ, ஸ்மித், ஆர்என்பி, ரோ, லா ஆகியவற்றுக்கான, எந்த நோய் என்று பிரித்தறிய உதவும் எதிர்ப்பொருள்கள், சி3, சி4 என்ற எதிர்ப்பாற்றல் புரதங்கள், ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஆகியவையே அடுத்துத் தேவை.

உங்கள் கடிதத்தில் சிறுநீர்ப் பரிசோதனை பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏஎன்ஏ எண்ணைவிட அதுதான் எனக்குக் கவலை தருகிறது. லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கும்போது வலி இராது, சிறுநீர் அளவும் குறையாது. புரதமும் ரத்த அணுக்களும் கசிவது பரிசோதனையில் மட்டுமே தெரியும். ஆசிய இனத்தவரிடம் இப்பாதிப்பு அதிகம். பலதுறை மருந்தகத்திலேயே (பாலிகிளினிக்) இதையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடலாம். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று அரசாங்க மருத்துவமனையின் வாதநோய்ப் பிரிவுக்குச் சென்றால், குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம் பொருந்தும். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, டான் டோக் செங் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகியவற்றில் இப்பிரிவு உண்டு. கால் வீக்கம், நுரைத்த சிறுநீர், விரல் நுனியில் புண் ஆகியவை தோன்றினால் சந்திப்பு நாள்வரை காத்திருக்காதீர்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வலிப்பு என்றால் 995ஐ அழையுங்கள்.

லூபஸ் என உறுதியானால், ஏறக்குறைய அனைவருக்கும் அடிப்படை மருந்து ஹைட்ராக்சிகுளோரோகுயின். வலியை உடனே போக்காது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். ஆனால் நோய் மீண்டும் சீறுவதைக் குறைக்கும். நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாத அளவில் கொடுத்து, தொடக்கத்தில் ஒருமுறையும், ஐந்தாண்டுக்குப் பின் ஆண்டுதோறும் விழித்திரையைப் பரிசோதிப்போம். வெயில் நோயைத் தூண்டும் என்பதால், மேகமூட்டமான நாளிலும் குடையும் முழுக்கைச் சட்டையும் எஸ்பிஎஃப் 50 வெயில் தடுப்புக் களிம்பும் வேண்டும்.

குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா என்றால், பெரும்பாலோருக்கு முடியும். நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருந்த பிறகு கருத்தரிப்பதே பாதுகாப்பானது. ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கர்ப்ப காலத்திலும் தொடரலாம், தொடரவும் வேண்டும். லூபஸுக்குத் தரப்படும் மைக்கோஃபினோலேட், மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் கருவுக்குத் தீங்கு என்பதால் முன்கூட்டியே மாற்றப்படும். ரோ எதிர்ப்பொருள் உள்ள தாய்மாரின் குழந்தைகளில் நூற்றில் ஓரிருவருக்கு இதயத் துடிப்பில் தடை ஏற்படக்கூடும் என்பதால், கருவின் இதயத்தைக் கூடுதலாகக் கண்காணிப்பார்கள். நோய் அப்படி அடங்கும்வரை கருத்தடை தேவை. ஆனால் ரத்தம் உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள் உங்களுக்கு இல்லை என்று தெரியும்வரை ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தொடங்காதீர்கள்.